ஸ்மியரில் சந்தேகம் வந்தால் எச்பிவி சோதனை: நான் கடந்து வந்த வழி

பாப் ஸ்மியர் ரிப்போர்ட் வந்தால் அதில் இரண்டில் ஒரு பதில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று, எல்லாம் சரி. இல்லையென்றால், என்னவோ இருக்கிறது. எனக்கு வந்த ரிப்போர்ட்டில் இரண்டுமே இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களில் சில இயல்பாகத் தெரியவில்லை, ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. டாக்டர்கள் அதைச் சுருக்கமாக ‘ஆஸ்கஸ்’ (ஏஎஸ்சி-யுஎஸ்) என்கிறார்கள். ஸ்மியரில் வரும் கோளாறுகளிலேயே அடிக்கடி வருவதும் மிக லேசானதும் இதுதான். ஆனால் அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: “இதுல பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அப்படியே விட்டுடவும் முடியாது. எச்பிவி டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டா அடுத்து என்ன செய்யணும்னு தெரிஞ்சிடும்.”

எச்பிவி என்பது உறவின் வழியே பரவும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ். அது இருக்கிறதா என்று பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் இந்தச் சோதனை. புற்றுநோய் இருக்கிறதா என்று இது பார்ப்பதில்லை. யாரைச் சீக்கிரம் வரவழைத்து உற்றுப் பார்க்க வேண்டும், யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். என் வீட்டிலும் சுற்றத்திலும் இதை யாரும் இப்படிப் புரிந்துகொள்ளவில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் புற்றுநோய் என்று முடிவு கட்டினார்கள், சிலர் ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆஸ்கஸ் வந்தவருக்கு மூன்று வழிகள் உண்டு என்று டாக்டர் சொன்னார். சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்மியர் எடுக்கலாம். நேராக கால்போஸ்கோபிக்குப் போகலாம், அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பது. அல்லது எச்பிவி சோதனை எடுத்து, பாசிட்டிவ் வந்தால் மட்டும் கால்போஸ்கோபிக்குப் போகலாம். இந்த மூன்றில் எது நல்லது என்று 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு பெரிய ஆய்வே நடத்தியிருக்கிறது. ஸ்மியரில் லேசான கோளாறு வந்த 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஆஸ்கஸ் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எச்பிவி நெகட்டிவ். அவர்களை கால்போஸ்கோபிக்கு அனுப்பத் தேவையே இல்லை. கவலைப்பட வேண்டிய முற்றிய மாற்றம் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பாசிட்டிவ் பக்கம் வந்துவிட்டார்கள். ஆக ஆஸ்கஸுக்கு இந்தச் சோதனை கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஆஸ்கஸுக்கு அடுத்த படியான எல்எஸ்ஐஎல் (லேசான செல் மாற்றம் தெளிவாகவே தெரிவது) வந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் எச்பிவி பாசிட்டிவ். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பக்கம் விழுந்தால் சோதனை யாரைப் பிரிக்கப்போகிறது? அதனால் அந்த ரிப்போர்ட் வந்த பெண்களை, குறிப்பாக இளம் வயதினரை, வரிசைப்படுத்த எச்பிவி சோதனை பெரிதாக உதவவில்லை. ஸ்மியரில் சிக்கல் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வகை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. யாராவது என்னிடம் “எனக்கும் ஸ்மியர்ல என்னமோ வந்திருக்கு, எச்பிவி எடுக்கணுமா?” என்று கேட்டால், நான் முதலில் கேட்பது ரிப்போர்ட்டில் உள்ள அந்தச் சுருக்கெழுத்து என்ன என்பதைத்தான்.

என் சித்தி மகள் ஒருத்திக்கு வந்தது ஏஎஸ்சி-எச். முதல் மூன்று எழுத்தும் எனக்கு வந்தது போலவே இருந்தாலும் கடைசி எழுத்து கதையை மாற்றிவிடும். தீவிரமான கோளாறு (எச்எஸ்ஐஎல்) இருக்கலாம், ஒதுக்கிவிட முடியாது என்று அதற்குப் பொருள். அவளும் எச்பிவி முடிவு வரட்டும் என்று காத்திருக்கப் பார்த்தாள். அவள் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எச்பிவி என்ன வந்தாலும் கால்போஸ்கோபி செய்தே ஆக வேண்டும் என்று உடனே தேதி கொடுத்துவிட்டார். எச்எஸ்ஐஎல் வந்தாலும் அப்படித்தான். சுரப்பிச் செல்களில் மாற்றம் என்று வந்தாலும் அப்படித்தான், அதில் சிலருக்குக் கர்ப்பப்பையின் உள்ளேயும் பார்ப்பார்கள். இந்த மூன்றிலும் எச்பிவி நெகட்டிவ் என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

சரி, வைரஸுக்கு வருவோம். எச்பிவி ஒரே வைரஸ் இல்லை, 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். கையில் மரு வருவதும் இந்தக் குடும்பத்தால்தான், பிறப்புறுப்பில் மரு வருவதும் இதனால்தான். ஆனால் இவை வேறு வேறு வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ளவை ஏறத்தாழ 14. அவற்றைத்தான் அதிக ஆபத்து வகைகள் என்கிறார்கள். அதிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள் மட்டும் உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் 70 சதவீதத்துக்குக் காரணம். இதைக் கண்டுபிடித்தவர் ஹரால்டு சுர் ஹவுசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. பாலுறுப்பில் வரும் ஹெர்பிஸ் வைரஸ்தான் குற்றவாளி என்று 1970களில் பலரும் நம்பிக்கொண்டிருந்தபோது அவர் இந்தப் பக்கம் தேடினார். 1983இல் 16ஐயும், 1984இல் 18ஐயும் புற்றுநோய்த் திசுவில் இருந்து பிரித்துக் காட்டினார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உறவில் ஈடுபட்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் வந்து போகிறது. 10 பேரில் 9 பேருக்கு 2 ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போகாமல் வருடக்கணக்கில் தங்கிவிட்டால்தான் வம்பு. செல் தாறுமாறாகப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் இரண்டு காவல் புரதங்களை வைரஸின் இ6, இ7 என்ற புரதங்கள் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அப்போதும் மாற்றம் மெதுவாகவே நடக்கும். நோயெதிர்ப்புச் சக்தி சாதாரணமாக உள்ள பெண்ணுக்குத் தொற்றில் இருந்து புற்றுநோய் வரைக்கும் போக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்ஐவிக்கு சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள். எச்ஐவி உள்ளவர்களும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு அட்டவணையே வேறு.

எனக்கு மறுபடியும் மாதிரி கொடுக்க வேண்டியிருந்தது. என் ஸ்மியரைப் பழைய முறையில் கண்ணாடித் தகட்டில் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். அந்தத் தகட்டில் இருந்து எச்பிவி பார்க்க முடியாது. செல்களைத் திரவம் உள்ள ஒரு சின்னப் புட்டியில் போட்டு அனுப்பும் முறையும் இருக்கிறது. அதில் எடுத்திருந்தால், ஸ்மியரில் சந்தேகம் வந்ததும் புட்டியில் மிச்சம் உள்ள திரவத்திலேயே எச்பிவி பார்த்துவிடுவார்கள். மறுபடி போய்ப் படுக்க வேண்டாம். அடுத்த முறை ஸ்மியர் எடுக்கப் போகிறவர்கள் “தகடா, புட்டியா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. மாதவிடாய் நாட்களைத் தவிர்க்க வேண்டும், முந்தைய 2 நாட்களுக்கு உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தோ கிரீமோ வேண்டாம் என்றார்கள். எடுப்பது ஸ்மியர் மாதிரியேதான். பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் கருவியை வைத்து, சின்ன பிரஷ்ஷால் ஒரு சுழற்று. வலி என்று சொல்ல முடியாது, ஒரு அசௌகரியம்.

ரத்தத்தில் பார்த்துவிடலாமே என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. கர்ப்பப்பை வாயில் இருந்து எடுக்கும் செல்களில் வைரஸின் டிஎன்ஏவையோ ஆர்என்ஏவையோ தேடுகிறார்கள். இன்னொரு விஷயம்: சில லேப்களின் பட்டியலில் ‘குறைந்த ஆபத்து வகைகள்’ என்று தனியாக ஒரு சோதனை இருக்கும். அது மரு வரவைக்கும் வகைகளைப் பார்ப்பது. ஸ்மியரில் சிக்கல் வந்தவருக்கு அந்த முடிவால் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது, பணம் வீண், மனக்குழப்பம் மிச்சம். எழுதிக் கொடுக்கும்போதே ‘அதிக ஆபத்து வகைகள்’ என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தது. எச்பிவி 16: இல்லை. எச்பிவி 18: இல்லை. பிற அதிக ஆபத்து வகைகள்: உண்டு.

மூன்றாவது வரியில் 12 வகைகளை ஒரே கூடையில் போட்டுப் பார்க்கிறார்கள். எது என்று தனியாகச் சொல்வதில்லை. 16, 18ஐ மட்டும் தனியாகப் பிரிப்பதற்குக் காரணம் அவை சீக்கிரம் முற்றக்கூடியவை என்பதுதான். ஸ்மியர் சாதாரணமாக இருந்தாலும் அந்த இரண்டு எண்களில் ஒன்று வந்தால் கால்போஸ்கோபிக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அவை இல்லை, ஆனால் ஸ்மியரும் சாதாரணமாக இல்லையே. அதனால் எனக்கும் கால்போஸ்கோபி என்று முடிவானது.

“எவ்வளவு ஆபத்து டாக்டர்? ஒரு நம்பர் சொல்லுங்க” என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார். ஆஸ்கஸும் எச்பிவி பாசிட்டிவும் சேர்ந்து வந்தவர்களில், அந்த நேரத்தில் முற்றிய நிலை மாற்றம் இருப்பது சுமார் 100க்கு 4 பேருக்கு. அமெரிக்க வழிகாட்டியில் 4 சதவீதத்தைத்தான் கால்போஸ்கோபிக்கான எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதாவது நான் கோட்டின் மேலேயே நிற்கிறேன், 96 பேருக்கு அப்படி எதுவும் இருக்காது. இந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ‘கவலைப்படாதீங்க’ என்று பத்து பேர் சொன்னதைவிட அந்த ஒரு எண் உதவியது.

அதோடு அவர் கேட்டது என் பழைய ரிப்போர்ட்டுகளை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பு ஒரு முறை எச்பிவி எடுத்து அது நெகட்டிவாக இருந்திருந்தால், இப்போது பாசிட்டிவாக வந்திருப்பது புதுத் தொற்று என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். புதுத் தொற்றுக்கு உள்ளே வேலை செய்ய அவகாசமே இருந்திருக்காது. அப்படிப்பட்டவருக்கு அந்த 4 சதவீதம் 2ஆகக் குறைந்துவிடுகிறது. கால்போஸ்கோபி வேண்டாம், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றுகூட அந்த வழிகாட்டி சொல்கிறது. ஒரே முடிவு வந்த இரண்டு பெண்களுக்குப் பழைய தாள் ஒன்று இருப்பதும் இல்லாததும் அவ்வளவு வித்தியாசத்தைக் கொடுக்கிறது. எனக்கு அதற்கு முன் எச்பிவி எடுத்ததே இல்லை, அதனால் சலுகை கிடைக்கவில்லை. இப்போது என் கைபேசியில் இதற்கென்று ஒரு தனி ஆல்பம் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைப்பவர்கள்கூட ஸ்மியர் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். மருத்துவத்தைவிட இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. எச்பிவி உறவின் வழியே பரவுவது என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், “இது எப்ப வந்துச்சுன்னு அந்த டெஸ்ட்ல தெரியுமா?”

“தெரியாது.”

“யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு?”

“அதுவும் தெரியாது.”

உண்மையிலேயே தெரியாது. வைரஸ் பல வருடம் அடங்கிக் கிடந்து, சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருந்து, பிறகு ஒரு நாள் தலைகாட்டலாம். திருமணத்துக்கு முன் இருவரில் யாருக்கோ வந்ததாகவும் இருக்கலாம். உறவுதான் முக்கிய வழி என்றாலும் தோலோடு தோல் உரசுவதே பரவப் போதும், ஆணுறை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. இந்த ரிப்போர்ட்டை வைத்து யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை என்று டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அடுத்து அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “அப்ப நானும் டெஸ்ட் எடுக்கணுமா?” ஆண்களுக்கு வழக்கமாகச் செய்யும்படியான எச்பிவி சோதனை ஒன்றும் இல்லை. வைரஸை விரட்ட மாத்திரையும் இல்லை, எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அவரால் செய்ய முடிந்தது சிகரெட்டை விடுவது. புகை பிடிக்கும் பெண்ணின் உடல் வைரஸை வெளியேற்றச் சிரமப்படும் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். நான் பிடிப்பதில்லை, ஆனால் அவர் விடும் புகை என்னைச் சுற்றித்தானே இருக்கிறது என்று கேட்டேன். குறைத்திருக்கிறார். விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான்.

அக்காவிடம் சொன்னது என் கணவரிடம் சொன்னதைவிட மோசமாகப் போனது. “ஏன்டி, நமக்கெல்லாம் இது எப்படி வரும்?” என்றாள். அந்த ‘நமக்கெல்லாம்’தான் என்னைச் சுட்டது. ஒரே துணையோடு வாழ்கிற பெண்ணுக்கும் வரும் என்று விளக்க எனக்கு அன்று தெம்பு இல்லை. இப்படி ஒரு முடிவு வந்தவர்களுக்கு நான் சொல்வது, எல்லோரிடமும் சொல்லித் தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கால்போஸ்கோபிக்குத் துணை வரக்கூடிய ஒருவர் போதும்.

கால்போஸ்கோபிக்கு மாலை நேரத்தில் போனேன். பெயரைக் கேட்டால் எதையோ உள்ளே விடுவார்கள் என்று தோன்றும். கருவி வெளியேதான் நிற்கிறது, உள்ளே போவது வழக்கமான ஸ்பெக்குலம் மட்டும். முதலில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவுகிறார்கள். கிட்டத்தட்ட வினிகர்தான். லேசாக எரிகிறது. மாற்றம் அடைந்த செல்களில் உட்கரு பெரிதாக, நெருக்கமாக இருப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. அடுத்து அயோடின். நல்ல செல்களில் உள்ள கிளைக்கோஜன் அயோடினை உறிஞ்சிப் பழுப்பாகிறது, கோளாறுள்ள இடம் மஞ்சளாக நிற்கிறது. திரையில் நானும் பார்த்தேன். மேலே ஒரு ஓரத்தில் மெல்லிய வெள்ளைத் திட்டு. அதில் இரண்டு இடத்தில் துளியூண்டு சதை எடுத்தார்கள். சுருக்கென்று ஒரு கிள்ளல், அடிவயிற்றில் மாதவிடாய் மாதிரி ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். ரத்தம் நிற்க ஒரு பசை தடவினார்கள். அது அடுத்த சில நாட்கள் காபித்தூள் போலக் கருப்பாக வெளியேறும் என்று முன்பே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. நாப்கின் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்திலும் கால்போஸ்கோபி செய்யலாம். புற்றுநோய் சந்தேகம் இல்லாதவரை சிகிச்சையைத்தான் பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளி வைப்பார்கள்.

அந்தச் சதையைப் பரிசோதித்த பயாப்ஸியில் சிஐஎன் 1 என்று வந்தது. புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தை 1 முதல் 3 வரை தரம் பிரிப்பதில் மிக லேசானது இது. மேல்தோலின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குள் மட்டும் மாற்றம். வைரஸ் இப்போது அங்கே இருக்கிறது என்பதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேற்பட்டவை தானாகவே மறைந்துவிடும், புற்றுநோய் வரை போவது 100க்கு 1 அளவில்தான். அதனால் சிகிச்சை எதுவும் வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர்.

‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதை ஏற்றுக்கொள்வது அவ்வளவு எளிதாக இல்லை. எடுத்துப் போட்டுவிட்டால் நிம்மதி என்று மனம் அடித்துக்கொண்டது. இன்னொரு மருத்துவமனையில் கேட்டபோது, உடனே மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுத்துவிடலாம் என்றார்கள், கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது பற்றியும் பேச்சு வந்தது. சிஐஎன் 1க்குக் கர்ப்பப்பையை எடுப்பதா! எழுந்து வந்துவிட்டேன். வளையத்தால் சீவும் அந்தச் சிகிச்சை நல்ல சிகிச்சைதான், தேவைப்படுபவருக்கு. பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் ஆழமாகச் சீவினால் பிற்பாடு குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் தேவை இல்லாமல் அதற்குப் போகக் கூடாது.

அதே நேரம் சிஐஎன் 3 என்று வந்துவிட்டால் ‘தானாகப் போய்விடும்’ என்று காத்திருக்கக் கூடாது. இது ஏன் என்று நியூசிலாந்தில் நடந்த ஒரு கொடுமை உலகத்துக்குக் காட்டியது. ஆக்லாந்தில் உள்ள ஒரு பெண்கள் மருத்துவமனையில் 1960களிலும் 70களிலும், சிஐஎன் 3 இருந்த பெண்களில் சிலருக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கே அது தெரியாது. பத்திரிகையில் வெளிவந்து, 1987இல் விசாரணை நடந்தது. அந்தப் பழைய பதிவுகளை 2008இல் ஆராய்ந்தபோது, போதிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளில் 100க்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. சரியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. என் சித்தி மகளுக்கு வந்தது அந்த சிஐஎன் 3தான். மறு பேச்சு இல்லாமல் சிகிச்சை எடுத்துக்கொண்டாள். சிகிச்சைக்கு 6 மாதம் கழித்து அவளுக்கும் எச்பிவி சோதனை செய்தார்கள். இங்கே அதற்கு வேறு வேலை. கோளாறுள்ள பகுதி முழுதாகப் போய்விட்டதா என்று பார்க்க ஸ்மியரைவிட இது கூர்மையானது. அவளுக்கு நெகட்டிவ் வந்தது. ஆனாலும் அவளை 25 வருடமாவது கண்காணிப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிஐஎன் 3 வந்து போனவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட நெடுங்காலம் கூடுதலாகவே இருக்கும்.

எனக்குத் தெரிந்த இன்னொரு பெண்ணுக்கு ஆஸ்கஸ், எச்பிவி நெகட்டிவ். அவளுக்கு அடுத்த சோதனை 3 வருடம் கழித்துத்தான். “ஸ்மியர் சரியில்லன்னு போட்டுட்டு மூணு வருஷம் கழிச்சு வான்னா எப்படி?” என்று புலம்பினாள். அதிக ஆபத்து வகை இல்லை என்றால் செல் வேறு மாதிரி தெரிந்ததற்குத் தொற்றோ, அழற்சியோ, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சியோ காரணமாக இருக்கும். ஆஸ்கஸ் வந்தவருக்கு எச்பிவி நெகட்டிவ் என்பது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை, உண்மையிலேயே வலுவான பதில். ஆனால் உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று அறிகுறி இருப்பவர்கள் நெகட்டிவ் தாளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது அறிகுறி இல்லாதவர்களுக்கான கணக்கு.

இளம் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 25 வயதுக்குள் இந்த வைரஸ் அவ்வளவு சாதாரணமாக வந்து போகும். அந்த வயதில் எச்பிவி எடுத்தால் பாசிட்டிவ் பாசிட்டிவாகக் கொட்டும், பயம்தான் மிஞ்சும். உலக சுகாதார நிறுவனம் பொதுப் பரிசோதனையை 30 வயதில் இருந்து தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தடுப்பூசிக்கு வயது அதற்கு நேர்மாறு, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி குணப்படுத்தாது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பரிசோதனை உண்டு, ஏனென்றால் எல்லா வகைகளும் ஊசியில் இல்லை.

அந்த ஒரு வருடத்தில் இடையிடையே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை. 3 மாதத்துக்கு ஒரு முறை எடுத்தால் வைரஸ் அதற்காக வேகமாகப் போகப்போவதில்லை. சீக்கிரம் எடுத்தால் இன்னும் பாசிட்டிவாகவே இருக்கும், தேவையில்லாமல் மறுபடி பயாப்ஸி வரை இழுத்துப் போகும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி வைரஸை விரட்டுவதாகச் சொல்லும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாம் என்னைத் தேடி வந்தன. எதையும் வாங்கவில்லை.

வருடம் முடிந்து எச்பிவியும் ஸ்மியரும் சேர்த்து எடுத்தார்கள். எச்பிவி நெகட்டிவ், ஸ்மியர் சாதாரணம். “வைரஸ் போயிடுச்சா டாக்டர்?” என்று கேட்டேன். “சோதனைல பிடிபடற அளவுக்கு இல்ல. முழுசாப் போச்சா, அடங்கியிருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டும் உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணுதான்” என்றார். அடுத்த சோதனையை 3 வருடம் தள்ளி வைத்தார். இந்த இடைவெளி ஒவ்வொரு நாட்டு வழிகாட்டியிலும் கொஞ்சம் கூடும், குறையும். உங்கள் டாக்டர் வேறு எண் சொன்னால் என்னோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அக்கா இதுவரை ஒரு ஸ்மியர்கூட எடுத்ததில்லை. படுத்துக் காட்டுவதற்குக் கூச்சம் என்பாள். இப்போது பல நாடுகள் ஸ்மியரை விட்டுவிட்டு முதலிலேயே எச்பிவி பார்க்கின்றன. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலேயே மாறிவிட்டது. அந்தச் சோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பஞ்சுக்குச்சியால் பெண்ணே தனக்குத்தானே எடுத்துக்கொள்ளலாம், முடிவும் டாக்டர் எடுப்பதற்கு ஏறக்குறைய சமமாக வருகிறது. என்னைப் போல ஏற்கெனவே கோளாறு வந்து கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு டாக்டர் எடுப்பதே நல்லது என்று என் டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மறைப்புக்குப் பின்னால் நின்று தானே எடுத்துக் கொடுத்தாள். பாசிட்டிவ் வந்தால் ஸ்பெக்குலம் பரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும் என்று முன்பே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துத்தான் கூட்டிப்போனேன். நெகட்டிவ். அவளுக்கு 5 வருடம் கழித்து, எனக்கு 3. ரிப்போர்ட்டை என் கைபேசியில் இருக்கும் அதே ஆல்பத்தில் போட்டு வைத்திருக்கிறேன், அவளிடம் விட்டால் தொலைத்துவிடுவாள்.